எண்பத்து நாலாம் பக்கத்து வண்டிப்பாதை

போன வாரம் செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சுருளிப்பட்டியிலிருந்து பேச்சியம்மா.

"அக்கா, ஒங்க புத்தகத்துல எண்பத்தி நாலாம் பக்கத்துல என்ன எழுதியிருக்கீக?"

புத்தகம் எழுதிய யாரிடமாவது பக்க எண்ணைச் சொல்லிப் பேசிப் பாருங்கள். கால் தரையில் பாவாது. எனக்கும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு அந்தச் சந்தோஷம் கடுகு வெடித்து முடிவதற்குள் போய்விட்டது. ஏனென்றால் பேச்சியம்மா புத்தகம் படிக்கிறவள் இல்லை. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் பொட்டு வைக்கிறவள். அவளுக்கு எண்பத்து நாலாம் பக்கம் எதற்கு?

ஏன் கேட்கிறாய் என்றேன்.

"பக்கத்துத் தோட்டக்காரரு பாதைய அடைச்சுட்டாரு. கேட்டா, ஒங்க புத்தகத்துல அப்பிடித்தேன் போட்டிருக்குங்கிறாரு."

கடுகு கருகிவிட்டது.

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் அல்லிநகரத்தில் இருக்கும் ரிடையர்டு சமூக அறிவியல் டீச்சர். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வரலாறும் புவியியலும் நடத்தியவள். நான்கு வருஷத்துக்கு முன்னால், கம்பம் பள்ளத்தாக்கு அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று ஒரு புத்தகம் எழுதினேன். நெல் வயல், மாட்டு வண்டி, சந்தை, மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய் மூட்டை... எல்லாம் அதில் உண்டு. இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்கள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் கண் முன்னால் நிறுத்திவிட்டீர்கள் என்பார்கள். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொள்வேன்.

அவர்கள் எல்லோரும் மெச்சுகிற இடம் அந்த எண்பத்து நாலாம் பக்கம்தான். சுருளிப்பட்டியில் என் பெரியப்பா வீட்டிலிருந்து நெல் ஏற்றிய வண்டிகள் வரிசையாகக் கம்பத்துக்குக் கிளம்பும் காட்சி. வாய்க்கால் கரையோடு பாதை. இளவெயில். 'மாட்டுக் கொம்புகள் தண்ணீரில் தலைகீழாக நடந்து வந்தன' என்று ஒரு வரி. ஒரு வாசகி அந்த வரியைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவே வைத்திருந்தார். பாதை ஓரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல்லும் வரும். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்களே – தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் அடுத்தவர் உதவி இல்லாமல் இறக்கி வைத்து மூச்சு வாங்குவதற்கு – அதுதான். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுவது வழக்கம்.

கொம்பு, தண்ணீர், கல். எல்லாம் நன்றாகத்தான் அமைந்தது. ஒரே ஒரு சிக்கல்.

பாதை அங்கே இல்லை.

உண்மையான வண்டிப்பாதை வாய்க்காலிலிருந்து இருநூறு அடி தள்ளி, மேட்டில், தோட்டங்களுக்கு நடுவே போகிறது. அங்கே தண்ணீர் கிடையாது. தண்ணீர் இல்லாவிட்டால் கொம்பு எப்படித் தலைகீழாக நடக்கும்? அதனால் எழுதும்போது பாதையை அலுங்காமல் தூக்கி வாய்க்கால் கரையில் வைத்தேன். பாதையோடு கல்லும் வந்துவிட்டது. யாருக்கு என்ன கெட்டுப்போய்விடும் என்று நினைத்தேன். அந்த வண்டி இல்லை, அந்த மாடு இல்லை, பெரியப்பா இல்லை. அவர் நிலம் கைமாறியே பல வருஷம் ஆகிறது.

ஆனால் பாதை இருக்கிறதே... அதில் இப்போது மாட்டு வண்டிக்குப் பதில் மினி வேன் போகிறது.

பேச்சியம்மா போனில் சொன்னதைக் கோர்வையாகச் சொல்கிறேன். அவளுக்கு அங்கே ஒரு ஏக்கர் திராட்சைப் பந்தல். வீட்டுக்காரர் குமுளிக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் வேலை; சனிக்கிழமை வந்து திங்கள்கிழமை ஜீப் ஏறுவார். தோட்டம் முழுக்க அவள் பொறுப்பு. அவள் பந்தலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் தோட்டத்தைத் தேனிக்காரர் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கினார். அதற்கு முந்தின வாரம் சுற்றிலும் கல்லுக்கால் நட்டு, முள்கம்பி இழுத்துவிட்டார். மேட்டுப் பாதை அடைபட்டுவிட்டது. வாய்க்கால் கரைதான் பழைய பாதை, அதைச் சரிபண்ணித் தந்திருக்கிறேன், அதில் போங்கள் என்கிறாராம்.

திராட்சை பழுத்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை வெட்டு. வியாபாரியின் வேன் பந்தல் ஓரம் வரைக்கும் வந்து நின்றால்தான் பழக் கிரேட்டுகளை ஏற்ற முடியும். வராவிட்டால் அவர் வேறு தோட்டத்தைப் பார்த்துப் போய்விடுவார். அந்தப் பக்கம் தினமும் சாயங்காலமானால் மலையில் மேகம் இறங்குகிறது. பழுத்த பன்னீர் திராட்சை ஒரு நல்ல மழைக்குத் தாங்காது. வெடித்துவிடும். ஒரு வெட்டு முழுக்கக் கீழே கொட்ட வேண்டியதுதான்.

பேச்சியம்மா மனுக் கொடுத்திருக்கிறாள். மறுநாள் பதினோரு மணிக்கு வி.ஏ.ஓ. இடத்தைப் பார்க்க வருகிறார். சர்வே வரைபடத்தில் அந்தப் பாதையே கிடையாது. காலம் காலமாக நடந்து வந்த பாதை, அவ்வளவுதான்.

"எழுத்துல இருக்கறது ஒங்க புத்தகம் ஒண்ணுதேனாம். நீங்க ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போங்கக்கா. மத்ததை நேர்ல பாருங்க" என்றாள்.

மற்றது என்றால் எது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

மேப் வினாவில் வைகையை ஒரு விரல் தள்ளிப் போட்ட பிள்ளைகளுக்கு அரை மார்க் குறைத்தவள் நான். "ஆறு என்ன, நீ கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் வருமா?" என்று வகுப்பில் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தக் கேள்வி அன்று பகல் முழுக்க வீட்டுக்குள் என் பின்னாலேயே வந்தது. சாதம் குழைந்தது. துணியைக் காயப் போட்டேனா இல்லையா என்று இரண்டு தடவை மாடிக்குப் போய்ப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் வழி சொன்னார். "வயசாச்சு, ஞாபகம் பிசகிருச்சுன்னு சொல்லு. யாரு என்ன கேக்கப் போறா?"

எவ்வளவு சுலபம்! யார் மனசும் புண்படாது. புத்தகத்துக்கும் கெட்ட பெயர் வராது. அறுபத்து மூன்று வயது மனுஷிக்கு ஞாபகம் பிசகுவது குற்றமா? கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். குரல் தேவையான அளவுக்குத் தளர்ந்தே வந்தது.

புதன்கிழமை காலை கம்பம் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. கையோடு புத்தகத்தையும் எடுத்துப் போயிருந்தேன். சின்னமனூர் தாண்டியதும் எண்பத்து நாலாம் பக்கத்தைத் திறந்தேன். யாரோ எழுதியதைப் படிப்பதுபோல் படித்தேன். நம்பும்படியாக இருந்தது. அதுதான் என்னைக் கலங்கடித்தது.

அந்தக் காலத்தைப் பற்றிய புத்தகங்களை நாம் ஏன் இப்படி விழுந்து விழுந்து வாங்குகிறோம்? யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இன்றைக்கு நடப்பது பயமாக இருக்கிறது. நாளைக்கு நடக்கப் போவது அதைவிடப் பயம். நேற்றில் மட்டும்தான் யாருக்கும் இனி ஒன்றும் ஆகாது. செத்தவர் மறுபடி சாக மாட்டார், பெய்த மழை மறுபடி பயிரைக் கெடுக்காது. எல்லாம் நடந்து முடிந்து பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

எழுதுகிறவருக்கு அதற்கு மேல் ஒரு வசதி. அந்தக் காலத்திலிருந்து யாரும் கிளம்பி வந்து, "நீ எழுதியது தப்பு" என்று சொல்லப் போவதில்லை. இந்த வசதியில்தான் நான்கு வருஷமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

உத்தமபாளையம் வந்தபோது வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. பாதை ஒன்றுதானா? நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பெரியப்பா தோட்டத்துக் கிணற்றுக்குப் பதினோரு படி என்று எழுதியிருக்கிறேன். எண்ணினேனா? நினைவில்லை. பதினொன்று என்று சொன்னால் எண்ணிப் பார்த்த மாதிரி இருக்கும் என்று எழுதியிருப்பேன். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஏதோ ஒரு புளுகு சிரிக்காமல் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

பேச்சியம்மா ரோட்டோரத்தில் காத்திருந்தாள். ஐம்பது வயதுக்காரி. நான் பள்ளிக்கூட லீவுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போன நாளிலிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளை. கம்பிக்கு ஓரமாக, வரப்பு வரப்பாகச் சுற்றி நேராகப் பந்தலுக்குக் கூட்டிப் போனாள். குனிந்து உள்ளே நுழைந்தேன். தலைக்கு மேல் கறுப்புக் கறுப்பாகக் குலைகள். ஒரு பழத்தைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தாள். தொட்டால் தோல் வழுக்கியது.

"நாலு மாசத்துக்கு முந்திக் கொடிய வெட்டிக் கவாத்து பண்ணது. இனி ஒரு மழை தாங்காதுக்கா."

அதைக் குறையாகச் சொல்லவில்லை. வெறுமே சொன்னாள். நான் பழத்தைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

தேனிக்காரர் தன் கேட்டுக்கு முன்னால் நின்றிருந்தார். பெயர் ஞானராஜ். தேனி பஜாரில் பெயிண்டும் ஹார்டுவேரும் விற்கும் கடை. அறுபது வயது இருக்கும். நிலத்தை வளைத்துப் போடும் ஆள் எப்படி இருப்பார் என்று பஸ்ஸில் ஒரு முகத்தைக் கற்பனை பண்ணி வைத்திருந்தேன். இவர் அந்த முகத்தோடு இல்லை. என்னைப் பார்த்ததும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வேகமாக வந்தார். கையில் என் புத்தகம். பாலிதீன் கவர் போட்டு, பெயிண்ட் ஷேட் கார்டு ஒன்றை அடையாளத்துக்கு நடுவில் சொருகியிருந்தார். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

"டீச்சர், நீங்களே வருவீகன்னு நெனைக்கல. வாங்க, ஒங்க பாதையக் காட்டுறேன்" என்றார்.

'ஒங்க பாதை' என்றாரே, அங்கேயே எனக்கு வியர்த்துவிட்டது.

வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போனார். முள்ளையும் புதரையும் வெட்டி, கிராவல் கொட்டிச் சமன்படுத்தியிருந்தார். சொந்தச் செலவில். ஆனாலும் கரை கரைதானே? இரண்டு பேர் சேர்ந்து நடக்கலாம். முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு லோடு ஆட்டோ ஏறிப் பார்த்து, பின்சக்கரம் தண்ணீருக்குள் சரிந்து, கயிறு கட்டி இழுத்தார்களாம். அந்தத் தடம் இன்னும் இருந்தது. கரை காலப்போக்கில் கரைந்திருக்கும், கல் கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று அவர் சொன்னார். மாட்டு வண்டி வரிசை போன இடத்தில் ஒரு வேன் போகாதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த வண்டி வரிசையை அங்கே ஓட்டியவள் பக்கத்திலேயேதான் நின்றாள்.

பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் துணி வியாபாரி. கடை வைப்பதற்கு முன்னால், தலையில் மூட்டையோடு இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நடந்து விற்றவர். பிள்ளைகளிடம் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. கேட்கவும் இவருக்குத் தோன்றவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு கேட்க யாருமில்லை.

"ஒங்க புத்தகத்துல சுமைதாங்கி வந்துச்சுல்ல டீச்சர். படிச்சுட்டு அன்னைக்குக் கடை தொறக்கல. எங்கப்பா இங்கனதேன் மூட்டைய எறக்கி வச்சிருப்பாருன்னு தோணிப்போச்சு. அதுக்காகத்தேன் இந்த எடத்தையே வாங்குனேன்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார்.

வாய்க்கால் கரையில், புதுச் சிமெண்டு அடித்தளத்தின் மேல், சுமைதாங்கிக் கல் நின்றது.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அது மேட்டுப் பாதையில் நிற்க வேண்டிய கல். எங்கள் பெரியப்பா காலத்துக்கும் முந்தி நட்டது. யார் நினைவாக என்று ஊரில் யாருக்கும் தெரியாது. இருந்தாலும் ஆடி மாசத்தில் பேச்சியம்மா அதைத் தண்ணீர் விட்டுக் கழுவி, மஞ்சள் பூசி, விளக்கு வைப்பாள். அந்தக் கல் இங்கே எப்படி?

"எடம் மாறி நின்னுச்சு டீச்சர். எந்தக் காலத்துலயோ எவனோ தோட்டத்துக்கு நடுவுல கொண்டுபோய் நட்டுட்டான் போல. ஜே.சி.பி. வச்சு எடுத்து, நீங்க எழுதுன எடத்துலயே நிறுத்திட்டேன்."

அவர் முகத்தில் எவ்வளவு திருப்தி தெரியுமா? நல்ல மார்க் வாங்கிய பிள்ளை பேப்பரைக் கொண்டுவந்து நீட்டுமே, அப்படி நின்றார்.

திரும்பிப் பார்த்தேன். பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "கல்லைப் பேத்தப்ப நான் இல்லக்கா. கூலி வேலைக்குப் போயிருந்தேன்" என்றாள் மெதுவாக. பாதையை அடைத்ததை அவள் மனுவில் எழுதினாள். இதை எழுத அவளுக்கு மனம் வரவில்லை. போனில் சொல்லவும் முடியவில்லை. 'மற்றது' இதுதான்.

பாதை மேட்டில்தான் போனது என்று காட்டுவதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கல். யாரும் நடக்காத இடத்தில் எந்த ஊரிலாவது சுமைதாங்கி நடுவார்களா? வி.ஏ.ஓ. வந்து பார்த்திருந்தால் அதுவே போதும். இப்போது அந்தச் சாட்சியும் என் புத்தகத்துக்குச் சாதகமாகப் பேசியது. நான் பொய்யை எழுதினேன். இந்த நல்ல மனுஷர் ஜே.சி.பி. வைத்து அதை உண்மையாக்கிவிட்டார். மலைப் பக்கம் பார்த்தேன். பகலிலேயே கறுக்கத் தொடங்கியிருந்தது.

வி.ஏ.ஓ. ஸ்கூட்டியில் வந்தார். முப்பது வயதுப் பெண். தீர்ப்புச் சொல்ல வரவில்லை, பார்த்ததையும் கேட்டதையும் எழுதித் தாசில்தாருக்கு அனுப்புவேன், அவ்வளவுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கம்பியைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். கல்லைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஞானராஜ் புத்தகத்தைத் திறந்து நீட்டினார். அந்தப் பெண் நின்றபடியே முழுப் பக்கத்தையும் படித்தார். கொம்பு வரி வந்த இடத்தில் முகம் கொஞ்சம் மலர்ந்ததைக் கவனித்தேன். இந்த நிலைமையிலும் கவனித்தேன். எழுதுகிறவர்களின் அற்பத்தனத்துக்கு அளவே கிடையாது.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா. இந்தக் கரை வழியா நீங்க நடந்திருக்கீங்களா?"

சின்னக் கேள்வி. ஒரு மார்க் கேள்வி.

என் நாக்கின் நுனியில் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த பதில் தயாராக இருந்தது. வயசாச்சு, ஞாபகம் பிசகிருச்சு. வாயைத் திறந்தேன். ஆனால் மறந்துபோனது என்று சொன்னால், ஒரு காலத்தில் தெரிந்திருந்தது என்றல்லவா ஆகும்? எனக்கு என்ன தெரிந்திருந்தது? பெரியப்பா வீட்டில் பிள்ளைகளை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். பாயில் படுத்தபடி சக்கரச் சத்தத்தை மட்டும் கேட்டவள் நான். புத்தகம் எழுதுவதற்காக ஒரு நாள் இங்கே வந்தபோது, பேச்சியம்மா பாதையைக் காட்ட வாசலில் செருப்பு மாட்டி நின்றாள். நல்ல வெயில். பார்த்த இடம்தானே என்று சொல்லி, அவள் வீட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

"இல்லம்மா. நான் நடந்ததே இல்ல" என்றேன். "வாய்க்கால் கரையில பாதை எப்பவுமே கெடையாது. மேட்டுலதேன் இருந்துச்சு, தெரியும். கொம்பு தண்ணியில தெரியணும்னு நான்தேன் தள்ளி எழுதுனேன். கல்லும் மேட்டுலதேன் நின்னுச்சு."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். இன்னொரு தடவை சொன்னேன். முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது.

ஞானராஜை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வி.ஏ.ஓ. கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, ஷேட் கார்டைப் பழையபடி சொருகி மூடினார். வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், யாரைப் பார்த்துக் கேட்கிறார் என்று தெரியாத மாதிரிக் கேட்டார்.

"அப்ப எங்கப்பா எந்தப் பக்கமா போயிருப்பாரு?"

ஒரு மனுஷருக்கு அவருடைய அப்பா நடந்த பாதையைக் கொடுத்தவளும் நான், பிடுங்கிக்கொண்டவளும் நான்.

பேச்சியம்மாதான் பேசினாள். அவள் வயிற்றெரிச்சலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"வாங்கண்ணே, நான் காட்டுறேன். இவுகளுக்கும் அன்னைக்கே காட்டுறேன்னேன், வெயிலா இருக்குன்னுட்டாக."

முன்னால் நடந்தாள். கம்பியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து எல்லோரையும் குனிந்து வரச் சொன்னாள். ஞானராஜ், வி.ஏ.ஓ., கடைசியில் நான். மேட்டுப் பாதையில் அன்றைக்குத்தான் முதல் தடவை கால் வைத்தேன். பாதி தூரத்தில் மண் நிறம் மாறியிருந்தது. கல்லைப் பெயர்த்த குழியை மூடிய புது மண். பக்கத்தில் உடைந்த அகல் விளக்கின் ஓடுகள் சிதறிக் கிடந்தன. பேச்சியம்மா குனிந்து ஒன்றைப் பொறுக்கி முந்தானையில் துடைத்தாள்.

"கல்லு இங்கனதேன் நின்னுச்சுண்ணே. ரோட்டுல இருந்து வந்தா, இந்த மேடு ஏறுனதும் மூச்சு வாங்கும். சுமையோட வந்த ஆளு யாரா இருந்தாலும் இங்கனதேன் எறக்கணும். ஒங்கப்பாவும் இங்கனதேன் எறக்கியிருப்பாக."

ஞானராஜ் செருப்பைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அந்த மண்ணில் நின்றார். தலையில் மூட்டை இருப்பவரைப்போல ஒரு கையை மேலே கொண்டுபோய், பாதியிலேயே கீழே இறக்கிவிட்டார். அவருக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது. வி.ஏ.ஓ. குறிப்பு நோட்டை மூடிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் எண்பத்து நாலாம் பக்கத்தில் இந்த மேடு இல்லை. சுமைதாங்கியை எங்கே நடுவார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இதை எழுதியிருப்பேன். கொம்பைவிட எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஹார்டுவேர் கடைக்காரர் கார் டிக்கியில் கட்டிங் பிளேயர் இல்லாமல் போகுமா? தன் கையாலேயே கம்பியைக் கத்தரித்தார். இரண்டு கல்லுக்காலை மறுநாள் ஆள் விட்டு எடுத்துவிடுவதாகவும், கல்லைப் பழைய இடத்தில் நட்டுக் கொடுப்பதாகவும் வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே நானும் எழுதிக் கொடுத்தேன். 'எனது புத்தகத்தின் எண்பத்து நான்காம் பக்கத்தில் கண்டுள்ள பாதை கற்பனையே ஆகும்.' என் வாழ்நாளில் அவ்வளவு கனமான வரி நான் எழுதியதில்லை.

ஞானராஜ் என்னிடம் விடைபெறாமலே காரில் ஏறிப் போனார். புத்தகத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை. அதை நினைத்துச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று பஸ்ஸில் தேனி வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அல்லிநகரத்தில் தூறல் போட்டது. பால்கனியில் கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். இங்கே தூறினால் அங்கே கொட்டுமே! பேச்சியம்மாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பத்துத் தடவை போட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டாள். ராத்திரி மழை வந்ததாம். பந்தலின் கீழ்ப்பக்கத்தில் கொஞ்சம் வெடித்துவிட்டதாம். மிச்சத்தை விடிந்ததும் ஆளோடு ஆளாக நின்று வெட்டி, வேனில் ஏற்றி அனுப்பிவிட்டாளாம். வேன் மேட்டுப் பாதையில் பந்தல் வரைக்கும் வந்தது என்றாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மறுபடி கூப்பிட்டாள். அன்று காலையில் கல் நட்டார்களாம். முதல் மஞ்சளை ஞானராஜைப் பூசச் சொன்னார்களாம்; அவர், தங்கள் கிறிஸ்தவ வழக்கத்தில் இதெல்லாம் கிடையாது என்று தயங்கிவிட்டு, அப்புறம் ஒரு குடம் தண்ணீர் மட்டும் தூக்கி வந்து ஊற்றினாராம்.

எனக்கு மூச்சு வந்தது. எல்லாம் சுபம் என்று நினைத்துத் திங்கள்கிழமை காலை இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தேன். போன் அடித்தது. புது நம்பர்.

"டீச்சர், ஞானராஜ் பேசுறேன். நூத்திப் பன்னண்டாம் பக்கத்துல ஒரு கெணறு வருதுல்ல, பதினோரு படின்னு எழுதியிருக்கீக. எண்ணுனீகளா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இருநூற்று நாற்பது பக்கப் புத்தகம் ஐயா அது. ஒவ்வொரு பக்கமாக வருவார் என்று தெரிகிறது.

நேற்றுப் பஸ் ஏறிப் போய், பேச்சியம்மா கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி எண்ணினேன். ஒன்பது படிதான் இருக்கிறது... தண்ணீருக்கு அடியில் இன்னும் இரண்டு இருக்கிறது என்று எழுதத்தான் கை பரபரக்கிறது.